இரு தரப்பும் சேர்ந்து கேட்கும் தண்டனையை நீதிபதி ஏன் கூட்டுவதில்லை?

கேள்வி (கனடா, ஸ்காபரோ வாசகி)

கைகலப்பொன்றில் எங்கள் குடும்ப நண்பரின் மகன் இறந்துபோனார். இரண்டாம் நிலைக் கொலை என்று தொடங்கிய வழக்கு கைமோசக் கொலையாக (கொல்லும் நோக்கமின்றி நேர்ந்த கொலை) குறைந்தது. அரச சட்டத்தரணியும் எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சட்டத்தரணியும் சேர்ந்து கேட்ட தண்டனையை நீதிபதி அப்படியே வழங்கிவிட்டார். இழப்பு தன்னை எப்படிப் பாதித்தது என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் பாதிப்புக் கூற்றை வாசித்த தாயாரின் கையில் தாள் நடுங்கிக்கொண்டே இருந்தது. தான் வாசிக்க எழும்பும் முன்பே ஆண்டுக் கணக்கு பேசி முடிக்கப்பட்டிருந்தது என்பதுதான் அவரை இன்றும் வாட்டுகிறது. கூட்டிக் கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லையா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற சட்டத்தரணி)

அதிகாரம் உண்டு, அம்மா. ஆனால் அதன் வாசல் மிக ஒடுக்கமானது. கனேடிய உச்ச நீதிமன்றம் 2016 ஒக்ரோபரில் அன்ரனி-குக் வழக்கில் அதை வரையறுத்தது. அதுவும் கைமோசக் கொலைதான். ஏற்கெனவே தடுப்பில் கழித்த காலத்துக்கு மேலாக 18 மாதங்கள் என்று இரு தரப்பும் கேட்க, விசாரணை நீதிபதி இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவான சிறையும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தார். உச்ச நீதிமன்றம் 18 மாதங்களையே மீட்டுக்கொடுத்தது. தண்டனை குறைவாகத் தெரிகிறது என்பது மறுக்கப் போதுமான காரணமல்ல. அதை ஏற்றால் விடயமறிந்த, நியாயமான மக்கள் நீதி முறைமையே குலைந்துவிட்டது என்று கருதும் அளவுக்கு அது பொருந்தாததாக இருக்க வேண்டும்.

இப்படிக் கூட்டாகக் கேட்பது இரு தரப்பின் இணக்கப்பாட்டில் வருவது. அதில் எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது விசாரணை கோரும் உரிமையைக் கைவிடுகிறார், அரச தரப்போ சாட்சி பிறழ்ந்து எதிரி முழுவதுமாகத் தப்பிவிடும் ஆபத்தைத் தவிர்த்துக்கொள்கிறது. நீதிபதி விரும்பியபடி மாற்றலாம் என்றால் இந்த உறுதி இல்லாமற்போய், எவரும் ஒப்புக்கொள்ள முன்வரமாட்டார்கள். மறுக்க எண்ணும் நீதிபதி அதை முன்கூட்டியே சொல்லி, இரு தரப்பின் விளக்கத்தையும் கேட்க வேண்டும். அதன் பின்னும் மனம் மாறாவிட்டால், ஒப்புதலை மீளப்பெற விண்ணப்பிக்க எதிரிக்கு இடமளிக்கலாம்.

மறுமொழி 2 (நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்)

“இந்த இணக்கப்பாட்டுக்கு நீதிபதி கட்டுப்பட்டவரல்லர் என்பது உங்களுக்கு விளங்குகிறதா?” என்ற கேள்வியை எதிரிக்கூண்டருகில் நின்று பல முறை தமிழில் சொல்லியிருக்கிறேன். குற்றவியல் கோவையின் 606ஆம் பிரிவு வேண்டும் கேள்வி அது. ஐயா சொன்ன சட்டம் சரி. ஆனாலும் பின்வரிசையில் இருந்து அதைக் கேட்கும் குடும்பத்தினர், இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றே நம்பிவிடுகிறார்கள். அது எனக்கு எப்போதும் மனவருத்தத்தைத் தருகிறது.

2015இல் அதே பிரிவில் ஒரு திருத்தம் சேர்ந்தது. கொலை, கடுமையான உடற்காய வழக்குகளில், இணக்கப்பாட்டைப் பாதிக்கப்பட்டோருக்கு அறிவிக்க நியாயமான முயற்சி எடுக்கப்பட்டதா என்று நீதிபதி அரச தரப்பைக் கேட்க வேண்டும். ஆனால் அறிவிக்கத் தவறினாலும் ஒப்புதல் செல்லுபடியாகும். அந்தத் தாயாருக்கு எப்போது சொன்னார்கள்?

ஸ்காபரோ வாசகி

அன்று காலை, நீதிமன்ற நடைபாதையில். பத்து நிமிடமும் இருக்காது. விசாரணைக்குப் போயிருந்தால் எதிரி விடுதலையாகியிருக்கவும் கூடும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

மறுமொழி 1

தீர்ப்பு முடிந்த பின்னரும் அரச சட்டத்தரணியிடம் சந்திப்புக் கேட்கலாம், அம்மா. எந்தச் சாட்சியம் பலவீனமாக இருந்தது, ஏன் அந்த ஆண்டுக் கணக்கை ஏற்றார்கள் என்று தாயாரையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டோர் உதவிப் பிரிவினர் நேரம் ஒழுங்குசெய்து தருவார்கள்.