பின்மூடி தூக்கிய செல்போன்: உப்பிய பேட்டரியைக் குத்தி காற்றை எடுக்கலாமா?

கவுண்டர்காரன்:
கடையில் பணம் வந்ததா என்று பார்க்க வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு செட் நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும். நாலு வருஷப் பழசு. பின்மூடி ஒரு ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிவிட்டது. சூடு இல்லை, வேலை செய்கிறது. ஊசியால் குத்தி காற்றை எடுத்தால் போதும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். செய்யலாமா? புதுசு போட்டாலும் உப்புமா?

சர்வீஸ்மேசை:
ஊசி வேண்டவே வேண்டாங்க. உள்ளே இருக்கிறது வெறும் காற்று இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் சிதைந்து வரும் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் எல்லாம் எரியக்கூடியவை. பிளஸ், மைனஸ் அடுக்குகளைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தாள் சுமார் 20 மைக்ரான்தான். ஊசி அதைத் தாண்டினால் உள்ளேயே ஷார்ட், அப்புறம் தீ.

சார்ஜரைக் கழற்றுங்க, திரும்பச் செருகாதீங்க. மூடியை அமுக்கி ஒட்டப் பார்க்காதீங்க. ஆஃப் செய்து டைல்ஸ் தரையிலோ மணல் போட்ட மண்சட்டியிலோ வையுங்க. காற்றுப் புகாத டப்பா, ஃபிரிட்ஜ் இரண்டும் கூடாது. தின்னர் மாதிரி இனிப்பு வாடை வந்தால் கசிகிறது என்று அர்த்தம், வெளியே கொண்டுபோயிடுங்க. தீப்பிடித்தால் நிறைய தண்ணீர் ஊற்றுங்க. தீயணைப்பான் பவுடர் சுடரை அணைக்கும், பேட்டரி செல்லைக் குளிர்விக்காது, திரும்பப் பற்றும்.

மின்னழுத்தம்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதே மாதிரி வைத்தால் புதுசும் உப்பும். "100-ல் போனே நிறுத்திவிடுமே" என்பார்கள். நிறுத்தும், கொஞ்சம் இறங்கியதும் திரும்ப ஏற்றும். அதனால் பேட்டரி செல் எந்நேரமும் 4.2 வோல்ட்டிலோ, இப்போதைய செட்களில் 4.4-ஐ ஒட்டியோ நிற்கிறது. உயர் வோல்ட்டேஜோடு சூடும் சேர்ந்தால் எலக்ட்ரோலைட் சிதைவது வேகமாகும். கவுண்டர் கண்ணாடிமேல் வெயில் விழுகிறதா பாருங்கள். பேட்டரி 45 டிகிரியைத் தாண்டியபோது சார்ஜ் ஏற்றவே கூடாது.

செட்டிங்ஸில் 80 சதவீத வரம்பு இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் டைமர் பிளக் வாங்கி காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். ரப்பர் கவரையும் கழற்றுங்கள்.

சர்வீஸ்மேசை:
மாற்றும்போது பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றணும். பேட்டரியை ஒட்டி வைத்திருக்கும் இழுக்கும் டேப் அறுந்துபோனால் ஓரத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, இரண்டு மூன்று நிமிஷம் கழித்து பழைய பிளாஸ்டிக் கார்டால் மெல்லத் தள்ளணும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. ஆல்கஹால் பக்கத்தில் ஹீட் கன் ஆகாது. உப்பினதில் இந்த வேலையைக் கடையில் விடுறதே நல்லது.

புதுசில் ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தரக் குறியும், ஆர் என்று தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் பாருங்க. அதே அளவில் 4000-க்குப் பதில் 6000 எம்.ஏ.ஹெச். என்று அச்சடித்திருந்தால் வாங்காதீங்க, பொய்.

கவுண்டர்காரன்:
நன்றி சார். கழற்றிய பழசை பழைய இரும்புக் கடையில் போடலாமா?

மின்னழுத்தம்:
வேண்டாம், அங்கே சுத்தியலால் அடித்துப் பிரிப்பார்கள். 2022-ல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்தான் பழசைத் திரும்பப் பெறப் பொறுப்பு. கனெக்டர் முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உங்கள் பிராண்டின் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ கொடுங்கள். உப்பியது என்று சொல்லிக் கொடுங்கள், கூரியரில் அனுப்பாதீர்கள்.