எரேமியா 29:11 எங்களுக்குச் சொன்னதா?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை):
ஜெபக்கூட்டத்தில் ஒரு போதகர் பைபிளில் எரேமியா 29:11ஐ ("உங்கள்மேல் நான் நினைப்பது தீமையல்ல, சமாதானமே" என்று கடவுள் சொல்லும் வசனம்) வாசித்து, "இந்த வருசமே உங்கட கடன் தீரும்" என்றார். இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில் 1:
அண்ணை, முதலாம் வசனத்தில இருந்து வாசியுங்கோ. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம். 10ஆம் வசனம், 70 வருசம் முடிஞ்ச பிறகுதான் ஊர் திரும்புவினம் என்கிறது. கேட்டவர்களில் கனபேர் அதுக்குள்ள செத்திருப்பினம். 28ஆம் அதிகாரத்தையும் விடாதீங்கோ: இரண்டு வருசத்தில விடுதலை என்றவன் அனனியா. அவன்தான் பொய்த் தீர்க்கதரிசி, அதே வருசம் செத்தான்.

பதில் 2:
காலக்கெடு சொன்னால் திகதியோட கொப்பியில எழுதி வையுங்கோ. உபாகமம் 18:22 கேட்கிற சோதனை அதுதான்: சொன்னது நடந்ததா? ஆனா நடந்தாலும் போதாது, உபாகமம் 13:1-3ஐப் பாருங்கோ: சொன்னது நடந்தாலும், வேற தெய்வங்களிட்ட இழுக்கிறவனைக் கேட்கக் கூடாது.

கேட்டவர்:
போதகரைச் சோதிக்கிறது பாவமில்லையோ?

பதில் 1:
பெரோயா ஊர்க்காரர் அப்போஸ்தலன் பவுல் சொன்னதையே வேதத்தோட தினமும் சரிபார்த்தவை. அப்போஸ்தலர் 17:11 அவையைப் புகழுது.