அஜைல் (மென்பொருள் வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்து, சுற்றுக்குச் சுற்று திருத்திக்கொள்ளும் முறை) சொல்லித்தர என்ன விளையாட்டு நடத்தினீர்கள்? மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

ஓஎம்ஆர்_வாசி:
எனக்குப் பந்து விளையாட்டு. எத்தனை பந்து முடியும் என்று முதலில் மதிப்பிட்டு, குழுவாகக் கைமாற்றிப் பார்க்கணும். விதிகள்: எல்லார் கையும் படணும், பக்கத்தில் நிற்பவருக்குத் தரக்கூடாது, தொடங்கியவரிடமே வந்து முடியணும். 2 நிமிட ஆட்டம், அடுத்த சுற்றில் எதை மாற்றலாம் என்று 1 நிமிடப் பேச்சு. கல்லூரி முடித்து வந்த 15 பேர். மூன்றாம் சுற்று முடிந்ததும் ஓரத்தில் நின்ற ஒரு பெண், “சார், நாம ஏன் வட்டமாவே நிக்கிறோம்?” என்றார். சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த மூன்று பையன்கள் காதில் அது விழவில்லை. என் காதில் விழுந்தது. நேரமாகிவிட்டதென்று விசில் அடித்துவிட்டேன். அப்புறம் கடைசிவரை அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த விசில் இன்னும் உறுத்துகிறது.

கோவை_டெஸ்டர்:
விசில் அடித்தது சரிதான். நடத்துபவர் குறுக்கே போனால் அது அவர் விளையாட்டாகிவிடும். எங்கள் ஆபீஸில் காசு விளையாட்டு. 20 ஒரு ரூபாய்க் காசு, நாலு பேர் வரிசையாகத் திருப்பிப் போடணும். முதலில் இருபதும் மொத்தமாக, அப்புறம் ஐந்தைந்தாக, கடைசியில் ஒவ்வொன்றாக. முதல் சுற்றில் நான்தான் நாலாவது ஆள். கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். திடீரென்று இருபது காசும் முன்னால் வந்து விழுந்தன, எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். “ஸ்பிரிண்ட் கடைசி நாள்ல எனக்கு இப்படித்தான் வருது” என்று சொல்லிவிட்டேன். ஸ்பிரிண்ட் என்பது அஜைலில் ஒரு வேலைச் சுற்று; மற்றவர்கள் முடித்ததைச் சோதிப்பது என் வேலை. வாட்ச் பிடித்திருந்த மேனேஜர் ஒன்றும் பேசவில்லை. மூன்று வருடமாகச் சொல்ல நினைத்தது அது. ஒவ்வொன்றாகத் தள்ளியபோது தனி ஆள் ஒவ்வொருவருக்கும் நேரம் கூடியது, மொத்த நேரமோ குறைந்தது. அதைத்தான் பலரால் நம்ப முடியவில்லை.

மதுரை_மீனாட்சி:
நான் மார்ஷ்மெல்லோ கோபுரம் வைத்தேன், 18 நிமிடம். ஒடியும் ஸ்பகெட்டிக் குச்சிகளால் உயரமாகக் கோபுரம் கட்டி, உச்சியில் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாயை வைக்கணும்; கடைசியில் வைத்தால் பாரம் தாங்காமல் சரியும். ஸ்பகெட்டி கிடைக்காமல் விளக்குமாற்று ஈர்க்குச்சி கொடுத்தேன். ஈர்க்கு வளையுமே தவிர ஒடியாது. கடைசி நிமிடத்தில் மிட்டாயை உச்சியில் வைத்த குழுவுக்கும் கோபுரம் நின்றது! முன்னாலேயே வைத்துப் பார்க்கணும் என்ற பாடமே போச்சு.

நடத்தப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். விளையாட்டைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடாதீர்கள். வேலை ஓரிடத்தில் குவிகிற டீமுக்குக் காசு. எல்லாம் முடித்த பிறகே காட்டுகிற டீமுக்குக் கோபுரம். முழு ஸ்பிரிண்ட் எப்படி ஓடும் என்று தெரியாதவர்களுக்கு லெகோ நகரம் (லெகோ கட்டைகளால் சுற்றுச் சுற்றாக ஒரு நகரம் கட்டுவது), அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். ஒரு நாளில் ஒன்று போதும். விளையாடிய நேரத்துக்குக் குறையாமல் பேச விடுங்கள். பரிசு வேண்டவே வேண்டாம். பரிசு வைத்தால் எத்தனை முடியும் என்று மதிப்பிடும்போது வேண்டுமென்றே குறைத்துச் சொல்வார்கள். முட்டி வலிக்காரர் இருந்தால் நாற்காலி போடுங்கள்.

ஓஎம்ஆர்_வாசி:
கோவை, விடையை எடுத்துக் கொடுத்திருக்கணும் என்று நான் சொல்லவில்லை. “இன்னொரு தடவை சொல்லும்மா” என்று மட்டும் கேட்டிருக்கலாம்.