அரைச் சுற்றோடு நின்றுவிடும் பழைய புல்வெட்டும் வண்டி: ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

காப்பிக்காடு (ஏற்காடு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் செல்லும் வழியில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவிலுள்ள வீட்டைச் சுற்றி ஏறத்தாழ முக்கால் ஏக்கர் புல்தரை. அதை வெட்டுவதற்காக என் தந்தையார் 2007-இல் பழையதாக வாங்கிய, மேலே உட்கார்ந்து ஓட்டும் அமெரிக்க வண்டி இன்னும் எங்களிடம் உள்ளது. 17.5 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சின். வால்வுகள் சிலிண்டர் தலையில் இருக்கும் வகை. அப்பா இருந்தவரை அவரே பார்த்துக்கொண்டார். இப்போது அந்தப் பொறுப்பு என்னுடையது.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்று சுற்றுகிறது. உடனே எதிலோ முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. விடாமல் முயன்றால் சில நாள் மட்டும் கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு நன்றாகவே ஓடுகிறது, கரும்புகை மட்டும் சற்று அதிகம். முதலில் பேட்டரியை மாற்றினோம். பயனில்லை. பிறகு வண்டியைக் குட்டியானையில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே செல்ஃப் மோட்டாரின் ஆர்மேச்சரைக் கட்டி, கார்பன் மாற்றிக் கொடுத்தார்கள். மலையேறி வந்த மறுநாளே பழைய நிலைதான். இப்போது புது செல்ஃப் மோட்டாரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்கிறார்கள். அந்தச் செலவைச் செய்வதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் தடையில்லாமல் வேகமாகச் சுற்றுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய பட்டறை (செவ்வாய்ப்பேட்டை) எழுதியது:

அம்மா, புது மோட்டாருக்குப் பணம் அனுப்பாதீர்கள். நீங்கள் கடைசியாக எழுதிய வரியிலேயே நோய் தெரிகிறது. பிளக் இல்லாதபோது சுற்றுகிற எஞ்சின், பிளக் போட்டதும் நிற்கிறதென்றால், சிலிண்டருக்குள் அடைபடும் காற்றை எதிர்த்து பிஸ்டனைத் தள்ள மோட்டாரால் முடியவில்லை என்று பொருள். அந்தச் சுமையை மோட்டார் தனியாகத் தாங்க வேண்டும் என்று இந்த எஞ்சினைச் செய்தவர்கள் எண்ணவில்லை. கிளம்பும் நேரத்தில் மட்டும் ஒரு வால்வை நூலளவு தூக்கி, அழுத்தத்தில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும் சிறிய அமைப்பு, வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்டிலேயே இருக்கிறது. எஞ்சின் வேகம் பிடித்ததும் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

அந்த அமைப்பு வால்வைத் தூக்கும் அளவு மிகச் சிறியது. வருடக்கணக்கில் ஓடிய எஞ்சினில் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவிலுள்ள சந்து) அகன்றுவிட்டால், அந்தச் சிறு தூக்கல் முழுவதும் இடைவெளியிலேயே கரைந்துபோகும். வால்வு அசையவே அசையாது. முழு அழுத்தமும் மோட்டாரின் தலையில் விழும். இருசக்கர வண்டியில் டேப்பெட் அகன்றால் டக்டக்கென்று சத்தம் கேட்கும், அதைக் கேட்டு நாம் சரிசெய்துவிடுவோம். இந்த வண்டியில் வெட்டும் கத்தியின் இரைச்சலில் அந்தச் சத்தம் யார் காதுக்கும் எட்டாது. ஆகையால்தான் பேட்டரியையும் மோட்டாரையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, பிளக்கையும் கழற்றுங்கள். வால்வு மூடியைத் திறந்தால் இரண்டு ராக்கர்கள் தெரியும். மேலேயுள்ள விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். பிளக் துளை வழியாக ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை விட்டுப் பிடித்துக்கொண்டால் பிஸ்டன் ஏறுவதும் இறங்குவதும் கைக்குத் தெரியும். உச்சியைத் தாண்டி 6 மி.மீ. இறங்கிய இடத்தில் நிறுத்துங்கள். உச்சியிலேயே வைத்து அளந்தால் அந்தச் சிறு தூக்கல் குறுக்கே வந்து அளவைக் கெடுத்துவிடக்கூடும். இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் உட்கொள்ளும் வால்வுக்கு 0.08 முதல் 0.13 மி.மீ., புகை வெளியேறும் வால்வுக்கு 0.13 முதல் 0.18 மி.மீ. இடைவெளி வைப்பார்கள், உங்கள் எஞ்சினின் மாடல் எண்ணைக் கையேட்டில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு உருவி வர வேண்டும்.

ஸ்பேனர் விஷயத்தில் கவனம் தேவை. இது அமெரிக்க வண்டி, நட்டுகள் அங்குலக் கணக்கில் இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. நம் 13 ஸ்பேனர் அதில் உட்கார்ந்ததுபோலத் தோன்றும்; பலமாகத் திருகினால் முனை மழுங்கிவிடும். மழுங்கிய நட்டை வெட்டி எடுக்க என்னிடம் வந்தவர்கள் பலர்.

வயர்மேன் (சூரமங்கலம்) எழுதியது:

பெரியவர் சொன்ன காரணமே பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் வால்வு மூடியைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி இரண்டு அளவுகளை எடுத்துவிடுங்கள், அம்மா. பிளக் இல்லாமல் வேகமாகச் சுற்றுவதால் மட்டும் மின்சாரப் பக்கம் குற்றமற்றது என்று ஆகிவிடாது. சுமை இல்லாதபோது துருப்பிடித்த இணைப்பும் தேவையான மின்னோட்டத்தைக் கொடுத்துவிடும்.

ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பிளக்கைப் போட்டு, ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றவர் பேட்டரி முனைகளிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பில் சுரண்டிய இடத்திலும் வைத்து மறுபடியும் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில்தான் வலிமை தொலைகிறது. ஏற்காட்டின் ஈரத்தில் அந்த வயர் சட்டத்தோடு சேரும் போல்ட்டின் அடியில் துரு பிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே சிறிது வாசலின் தடவிவிடுங்கள்.

இருக்கைக்கு அடியிலும் பிரேக் மிதியருகிலும் உள்ள பாதுகாப்பு சுவிட்சுகளை இந்த விஷயத்தில் சந்தேகப்பட வேண்டாம். அவை பழுதானால் எஞ்சின் அசையவே அசையாது, அல்லது சுற்றியும் பற்றிக்கொள்ளாது. அரைச் சுற்றில் நிற்காது. அவற்றை நேர் இணைப்புக் கொடுத்து விலக்கிவிடச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓட்டுபவர் தடுமாறி விழுந்தால் கத்தியை நிறுத்துவதற்கு இருக்கை சுவிட்சு ஒன்றுதான் இருக்கிறது.

மிளகுக்கொடி (மஞ்சக்குட்டை) எழுதியது:

சகோதரி, நானும் உங்கள் மலைக்காரன்தான். என் வண்டியில் ஏற்பட்ட இன்னொரு காரணத்தைச் சொல்கிறேன், அதையும் விலக்கிவிட்டு மேலே போங்கள். கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடாவிட்டால், வண்டி நிற்கும் இரவுகளில் டேங்கிலுள்ள பெட்ரோல் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கும். திரவத்தை அழுத்த முடியாது என்பதால் எஞ்சின் இதேபோல் முட்டி நிற்கும். ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஆயில் மட்டம் தானாக உயர்ந்திருந்தாலோ, அந்த ஆயிலோடு ஓட்டவே கூடாது, பேரிங்குகள் போய்விடும். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. ஊசியை மாற்றி, ஆயிலை மாற்றி, பெட்ரோல் டியூபின் நடுவே ஒரு சிறிய குழாய்த் திருகு போட்டேன். வேலை முடிந்ததும் அதை அடைத்துவிடுவதை இன்றுவரை தவறவிட்டதில்லை.

கரும்புகைக்கு மலையும் ஒரு காரணம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சமவெளிக் காற்றுக்கு அளவிட்ட ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) இங்கேயும் அதே பெட்ரோலைத்தான் விடும், காற்றோ ஆறில் ஒரு பங்கு அளவுக்கு நீர்த்திருக்கும். ஆகவே சற்றுப் புகையும் சற்றுச் சோர்வும் இயல்புதான். அதற்குமேல் புகைந்தால் காற்று வடிகட்டியைப் பாருங்கள். புல் தூசி ஈரத்தோடு சேர்ந்து கம்பளம்போல் படிந்திருக்கும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. இந்தப் பழைய எஞ்சின்கள் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்காதவை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். எனவே மழைக்காலத்தில் சில வாரங்கள் வண்டியை நிறுத்துவதென்றால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதும் தீரும்வரை ஓட்டி அணைப்பது என் வழக்கம்.

உங்கள் புல்தரை சரிவாக இருந்தால், மேலும் கீழுமாகத்தான் ஓட்டச் சொல்லுங்கள்; குறுக்காக வேண்டாம். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் இந்த வண்டியை ஏற்றவே கூடாது. அங்கே அரிவாளே போதும்.

காப்பிக்காடு (ஏற்காடு) எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன். நடந்ததை எழுதிவிடுகிறேன், பிறருக்கும் உதவும்.

ஆயிலில் பெட்ரோல் வாசனை இல்லை. எர்த் வயரில் 0.7 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. போல்ட்டைக் கழற்றியபோது அடியில் செங்கல் பொடிபோலத் துரு உதிர்ந்தது. தேய்த்துச் சுத்தம் செய்தபின் 0.1 ஆகக் குறைந்தது. அதன்பிறகும் எஞ்சின் அரைச் சுற்றில் நின்றது, ஆனால் முன்னைவிடக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. ஆகவே இரண்டு குறைகளும் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

மறுநாள் காலையில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தாத்தாவும் நானும் வால்வு மூடியைத் திறந்தோம். அவர் விசிறிச் சக்கரத்தை மெல்லச் சுற்ற, நான் உறிஞ்சுகுழலைப் பிடித்திருந்தேன்; அது ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கத் தொடங்கியதை விரல் நுனியில் உணர முடிந்தது. உட்கொள்ளும் வால்வில் 0.20 தகடு தடையில்லாமல் போனது. புகை வால்வில் 0.30 தகடும் ஆடிக்கொண்டு போனது. நட்டின் நடுவிலிருந்த பூட்டுத் திருகைத் தளர்த்தி, 0.10 என்றும் 0.15 என்றும் வைத்தோம். பூட்டுத் திருகை இறுக்கும்போது நட்டும் சேர்ந்து நகர்ந்து அளவு மாறியது. மூன்றாவது முறைதான் நின்றது. இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும் என்பதைப் பெரியவர் சொன்னவற்றோடு சேர்த்துக்கொள்கிறேன்.

பிளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். நிற்காமல் சுற்றி, இரண்டாவது நொடியில் பற்றிக்கொண்டது. தாத்தா ஒன்றும் பேசாமல் எஞ்சின் மூடியின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்பாவோடு பல வருடம் இந்த வண்டியைக் கழுவித் துடைத்தவர் அவர்.

இனி கத்தி சுழலும் தண்டின் பேரிங் ஒன்று கரகரக்கிறது. கழற்றிப் பார்த்ததில் மேலே 6203 என்று இருக்கிறது. ஆனால் உள்துளை அந்த எண்ணுக்குரிய 17 மி.மீ. இல்லை, அதைவிடக் குறைவாக அளவு காட்டுகிறது. சேலத்தில் கேட்டால் சாதாரண 6203-ஐத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

பழைய பட்டறை (செவ்வாய்ப்பேட்டை) எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, அம்மா. அந்தப் பேரிங்கின் வெளி அளவு 6203-க்கு உரிய 40 மி.மீ.தான், உள்துளை மட்டும் 5/8 அங்குலம், அதாவது 15.88 மி.மீ. பழைய பேரிங்கில் 6203-க்குப் பின்னால் 10 என்ற எண் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள், அதைச் சொல்லிக் கேட்டால் வரவழைத்துக் கொடுப்பார்கள். தண்டில் தகடு சுற்றிச் சாதாரணப் பேரிங்கை ஏற்ற எவரையும் அனுமதிக்காதீர்கள். கத்தி அந்தத் தண்டில்தான் சுழல்கிறது. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், மேலும் கீழும் இரண்டையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள்.