கையேட்டுக்கு ஒரு சொல்: குழாயில் தங்கும் கிருமிக்கு ‘குடியேற்றம்’ பொருந்துமா?

காரைக்குடி, செவிலியர் பயிற்சி ஆசிரியை:
அன்புடையீர், வணக்கம். மூளைநீர் வடிகுழாய் பொருத்தப்பட்ட நோயாளிகளின் உறவினர்க்காக எழுதிவரும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரக்கும் மூளைத் தண்டுவட நீர் வழியடைபட்டுத் தேங்கி அழுத்தம் ஏறும்போது, மண்டையோட்டில் துளையிட்டு மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிலருகே தொங்கும் பையில் அதை வடியவிடுகிறார்கள். தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் அக்குழாயில் ஒட்டி, பசைப்படலம் கட்டித் தங்கிவிடுவதுண்டு. தங்குவது மட்டும் நோயாகாது. வடிநீரில் வெள்ளணு பெருகுவது, சர்க்கரை குறைவது, காய்ச்சல், நினைவு மங்கல் ஆகியவற்றையும் பார்த்தே மருத்துவர் தொற்று என்கிறார். அந்த முதல் நிலையாகிய ‘காலனைசேஷன்’ என்பதற்குக் ‘குடியேற்றம்’ சரிதானா?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, ‘ஏற்றம்’ என்பது ‘ஏறு’ என்பதிலிருந்தும் வரும், ‘ஏற்று’ என்பதிலிருந்தும் வரும். கிருமி தானே ஏறியதா, மருத்துவமனை ஏற்றியதா என்று உறவினர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘கெடு’ கேடு ஆனதுபோலக் ‘கொள்’ கோளாகும். ஆகவே ‘குடிகோள்’ என்க. குழாயையும் ‘தூம்பு’ என்றே எழுதலாம். நம் பக்கத்துக் கண்மாய்களின் குமிழித்தூம்பு பாண்டியர் காலத்துச் சொல். சங்க இலக்கியத்தில் ‘களிற்றுயிர்த் தூம்பு’ என்னும் இசைக்கருவியும் உண்டு.

கோட்டையூர், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகர் குடிகொண்டிருக்கிறார் என்று சொல்லும் ஊரில் கிருமியும் குடிகொண்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘கோள்’ என்றதும் சனியும் செவ்வாயும், அதற்கு மேல் கோள் மூட்டுவதுமே நினைவுக்கு வரும். தூம்பு என்றால் என் ஆத்தாளே மடையைத்தான் நினைப்பார். ‘கிருமிப்படிவு’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

பள்ளத்தூர்க்காரர், மதுரையில் மருத்துவர்:
படிவு உயிரற்றது, இதுவோ பெருகுவது. எனவே அச்சொல் ஆபத்தைக் குறைத்துக் காட்டும். ‘தொற்று’ என்று பொதுவாக எழுதினாலோ உறவினர் உடனே ஆன்டிபயாட்டிக் கேட்பார்கள். வேண்டாத மருந்து, அதற்கு அடங்காத அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகளுக்கே வழிவிடும். மாதிரி எடுக்கும்போது தோலிலிருந்து தற்செயலாகக் கலந்துவிட்ட கிருமி இன்னொரு நிலை; அதற்கு ‘மாசு’ போதும். இந்த மூன்றையும் குழப்பாத சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம். சொல்லைவிட முக்கியமானவை கையேட்டில் விட்டுப்போயிருக்கின்றன. குழாய் இருக்கும் நாள் நீள நீள, அதன் மூடியைத் திறந்து மாதிரி எடுக்கும் தடவை கூடக் கூட, செருகிய இடத்தில் நீர் கசியக் கசிய ஆபத்து ஏறும். அதற்காக நாள் குறித்துக் குழாயை மாற்றுவதும் தீர்வாகாது. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அப்படி வழக்கமாக மாற்ற வேண்டாம் என்கிறது. பையை உறவினர் தூக்கவோ இறக்கவோ கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

காரைக்குடி ஆசிரியை:
மருத்துவர் சொன்னவற்றைச் சேர்த்துவிட்டேன். ஐயா எழுப்பிய ஐயத்துக்கு இடமில்லாமல் ‘கிருமி குடியேறல்’ என்று வைத்தால், தானே ஏறியது என்பது தெளிவாகிவிடும். எதிர்ப்பில்லையேல் இதுவே அச்சுக்குப் போகும்.

கோட்டையூர் மொழிபெயர்ப்பாளர்:
படிவை விட மனமில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டதால் சரி.

தேவகோட்டை ஆசிரியர்:
குடி என்பது மக்களுக்கு உரியது, நுண்ணுயிர்க்கு அன்று. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கையேட்டில் ‘அழற்சி’ என்று வருகிறதே, அதைப் பற்றி

காரைக்குடி ஆசிரியை:
ஐயா, அது அடுத்த பதிப்புக்கு.