புதுப்பிப்பு: தேவனாம்பட்டினம் வீட்டு விரிசல் வழக்கு

என்னிடம் வழக்கோடு வந்த ஒரு அம்மாவின் கடலோர அடுக்குமாடி வீட்டில் கூரை உதிர்கிறது, குடியேறி நான்கு வருடம், கட்டுநர் கையை விரிக்கிறார் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பலர் நுகர்வோர் ஆணையத்தைச் சொன்னீர்கள். நான் 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவைப் பிடித்தேன்: ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

நோட்டீஸ் அனுப்பிய கையோடு பொறியாளரை அழைத்துப் போனேன். அவர் சுத்தியலால் தட்டியதும் பூச்சு பொலபொலவென்று கொட்டியது. உள்ளே கம்பி துருவேறி, விரல் பட்டதும் செதில் செதிலாக உரிந்தது. உப்புக்காற்றில் கம்பிக்கு மேலே கான்கிரீட் மெலிதாக இருந்தால் இதுதான் கதி. மனசு கனத்துவிட்டது.

அந்த அறிக்கையைப் பார்த்ததும் கட்டுநர் இறங்கி வந்தார். பழுதுபார்த்துத் தருவதாக எழுத்தில் வாங்கியாச்சு. "அப்போ கட்டிலை அந்தக் கூரை உதிர்ற ரூமுக்கே மாத்திடலாமா சார்?" என்றார் அந்த அம்மா. "முதல்ல கூரைக்கு முட்டுக் கொடுக்கட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.