வீரர்களின் கதையைச் சொன்னால் பிள்ளைகள் சைக்கிள் பந்தயத்துக்கு வருவார்களா?

கேள்வி: உடற்கல்வி ஆசிரியர், நீடாமங்கலம் வட்டம்

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் சைக்கிளில்தான் வருகிறார்கள். கோரையாற்றுக் கரையில் புத்தகப் பையோடும் பின்னால் தம்பியையோ தங்கையையோ ஏற்றிக்கொண்டும் அவர்கள் மிதிக்கும் வேகத்தைப் பார்த்தால், இவர்களில் சிலரையாவது பந்தயத்துக்குத் தயார் செய்யலாம் என்று தோன்றுகிறது. ஆனால் சதுரங்கம் என்றால் குகேஷ், பிரக்ஞானந்தா என்றும், கிரிக்கெட் என்றால் அஸ்வின், நடராஜன் என்றும் உடனே சொல்லும் இதே பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் வீரரின் பெயரும் தெரியவில்லை. வகுப்பில் யாருடைய கதையைச் சொல்லலாம்? அப்படிச் சொல்வதால் உண்மையில் பயன் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதில் 1: நாகப்பட்டினம் வாசகர்

ஐயா, முதலில் டெபோரா ஹெரால்டைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த அவர், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது ஒன்பது வயதுச் சிறுமி; மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தவர், பின்னாளில், சைக்கிளுக்கென்றே அமைத்த வட்டத் தடத்தில் நடக்கும் விரைவுப் பந்தயங்களில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டார். எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் அந்த அலைக்குப் பின் பிறந்தவர்கள் என்றாலும், அதில் யாரையாவது இழக்காத வீடு இங்கே குறைவு. ஆகவே இந்தக் கதையை அவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையே இருக்காது. அதே தீவுகளிலிருந்து வந்த ஈசோ ஆல்பன், 2018இல் இளையோருக்கான உலகத் தட சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்றதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டவரில் கொலம்பியாவின் நைரோ குயின்டானா பொருத்தமானவர். உழவர் குடும்பத்துப் பிள்ளையான அவர், மலைப்பாதையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சைக்கிளில் பள்ளி சென்று வந்தவர். பல நாள் நடக்கும் சாலைப் பந்தயங்களில், 2014இல் இத்தாலியின் ஜிரோவையும் 2016இல் ஸ்பெயினின் வுவெல்டாவையும் வென்றார்.

பதில் 2: தஞ்சாவூர், முன்னாள் மாவட்ட அளவிலான வீரர்

இவை நல்ல கதைகள்தாம். ஆனால் கதையோடு நின்றுவிட்டால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது என்பது என் கருத்து. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிராட்லி விக்கின்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன், இருபது ஆண்டுகளுக்குப் பின் பிரான்ஸின் புகழ்பெற்ற சாலைப் பந்தயமான டூர் டி பிரான்ஸை வென்ற முதல் பிரிட்டிஷ்காரரானான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தச் சிறுவன் ஓட்டிப் பழக லண்டனிலேயே ஹெர்ன் ஹில் சைக்கிள் தடம் இருந்தது என்பதை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. உங்கள் பக்கத்து வடுவூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிள்ளைகள் கபடிக்கு வருவது சுவரொட்டியைப் பார்த்தா? மாலையில் ஆடுகளத்தில் அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்துத்தானே!

இன்னொன்று. ஒரே மனிதரைக் கடவுளாக்கிவிடாதீர்கள். ஏழு முறை டூர் வென்றவராகக் கொண்டாடப்பட்ட லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் அனைத்தும் ஊக்கமருந்து காரணமாக 2012இல் பறிக்கப்பட்டபோது, அவர் படத்தை மாட்டியிருந்த பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

நம் பக்கத்தில் அப்படிப்பட்ட சைக்கிள் தடம் இல்லை. ஆனால் அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டி மாவட்டந்தோறும் நடக்கிறது. 13 வயதுக்குட்பட்ட மாணவருக்கு 15 கிலோமீட்டர், மாணவியருக்கு 10. 15 மற்றும் 17 வயதுக்குட்பட்ட பிரிவுகளில் 20, 15. சாதாரணக் கைப்பிடி உள்ள இந்தியத் தயாரிப்பு சைக்கிளே போதும். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிளை வைத்தே 17 வயதுக்குட்பட்ட பிரிவில் ஓட்டலாம்.

பதில் 3: பட்டுக்கோட்டை, அறிவொளி இயக்க முன்னாள் தொண்டர்

தஞ்சாவூர் நண்பர் சொல்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் யாரும் ஒலிம்பிக் வீராங்கனையைப் பார்த்து வரவில்லை. அடுத்த தெருப் பெண் கேலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டிப் போவதைப் பார்த்து, நமக்கும் முடியும் என்று வந்தார்கள். ஆகவே ஐயா, போட்டியில் கலந்துகொண்ட ஒரு மாணவி உங்கள் பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ இருந்தால், டெபோராவின் கதையை அவளையே சொல்லச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளின் பெற்றோரிடமும் முன்னதாகவே பேசிவிடுங்கள். பள்ளிக்கு ஓட்ட அனுமதிப்பவர்கள், பந்தயம் என்றதும் தயங்குவது இன்றும் மாறவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சென்ற ஆண்டு மாவட்டப் போட்டிக்குப் போன மாணவி ஒருத்தி பக்கத்து ஊரில் இருக்கிறாள், அவளை அழைக்கிறேன். போட்டி செப்டம்பரில் என்பதால் ஆடியிலேயே பயிற்சியைத் தொடங்க வேண்டியிருக்கும். அந்தக் காற்றில் பிள்ளைகளைச் சாலையில் இறக்கலாமா?

பதில் 2 எழுதியவர்

தாராளமாக இறக்கலாம், காற்றே நல்ல பயிற்சியாளர். மேற்கிலிருந்து வீசுவதால், போகும்போது தஞ்சாவூர்த் திசையில் எதிர்காற்றில் மிதிக்கவிட்டு, களைத்தபின் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும்படி வழியை அமையுங்கள். ஒருவர் பின் ஒருவராக நெருங்கி ஓட்டினால் பின்னால் வருபவருக்கு உழைப்பு குறையும். முன்னால் இருப்பவரை அடிக்கடி மாற்றுங்கள். நெடுஞ்சாலை வேண்டாம், லாரிகள் அதிகம். விடியற்காலை ஆற்றங்கரைச் சாலையே போதும். புறப்படும் முன் ஒவ்வொரு சைக்கிளிலும் பிரேக் கட்டையையும் சீட் உயரத்தையும் பார்த்துவிடுங்கள்; பெரும்பாலான பிள்ளைகள் சீட்டை மிகவும் தாழ்வாக வைத்துக்கொண்டு முழங்காலை வருத்திக்கொள்கிறார்கள்.